இருபது வயது வண்டிக்கும் ஐம்பது வயது வண்டிக்கும் நடுவே

கோயம்புத்தூர்
26 அக்டோபர் 2025

பெறுநர்:
மாண்புமிகு ஒன்றிய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் அவர்கள், புது தில்லி
மாண்புமிகு போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்கள், தமிழ்நாடு அரசு, சென்னை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரும் ஜனவரியில் எங்கள் வீட்டு மாருதி ஜென்னுக்கு 25 வயது முடிகிறது. 2001 ஜனவரியில் அப்பா பெயரில் பதிவான வண்டி, இப்போது என் பெயரில் இருக்கிறது. ஆர்சி என்னும் பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 15 வயது தாண்டிய கார்களுக்கு அது 5,000 ஆனது. இந்த ஆகஸ்டில் வந்த திருத்தத்தில் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000. நாலரை வருடத்துக்குள் பதினாறு மடங்குக்கும் மேல் ஏறியிருக்கிறது. பசுமை வரி தனி.

கட்டணத்தைக் கட்டிவிடுவேன். ஐந்து வருடத்துக்கு 10,000 என்றால் வருடத்துக்கு இரண்டாயிரம், என்னால் முடியும். எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருப்பவரின் மாருதி 800 சந்தையில் நாற்பதாயிரம் போகாது. விலையில் கால் பங்கைக் காகிதத்துக்கே கட்டு என்றால் அவர் என்ன செய்வார்? புதுக் கார் வாங்கமாட்டார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அவிநாசி ரோட்டில் போவார். பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கட்டணம் என்றால், அந்தக் குடும்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான் புது வண்டிக்கு எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஆறு மாதமாக இதே பேச்சுதான். மகளுக்கு பெங்களூருவில் வேலை. மாதம் ஒருமுறையாவது போய் வருகிறோம். போன சித்திரையில் சங்ககிரி தாண்டி மழையில் ஒரு லாரி எங்களை ஒட்டிக் கடந்தபோது வண்டி ஆடிய ஆட்டத்தில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள். “ஏங்க, அவன் இடிச்சிருந்தா இதுல நம்மளக் காப்பாத்த என்ன இருக்கு?” என்னிடம் பதில் இல்லை. ஏர்பேக் இல்லை, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. முக்கால் டன் தகரம்தான்.

2019 ஏப்ரலில் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதே வருடம் ஜூலையில் ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் சீட் பெல்ட் எச்சரிக்கையும் வந்தன. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் மோதல் சோதனை தொடங்கியது. இவையெல்லாம் உங்கள் துறை செய்த நல்ல வேலைகள். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும், தீபாவளிக்கு முன்னால் நாங்களும் ஷோரூம் வாசலில் நின்றோம். எட்டு லட்ச ரூபாய் வண்டி ஒன்றைப் பதிவு செய்துவிட்டோம். இனி பெங்களூருப் பயணம் அதில்தான்.

அந்த ஷோரூமில் நடந்த ஒரு பேச்சுதான் இந்த மடலை எழுத வைத்தது. பில் போட்டுக்கொண்டிருந்த தம்பி, “சார், பழைய வண்டிய ஸ்கிராப்புக்குக் குடுத்துட்டு சர்டிபிகேட் வாங்கிட்டீங்கன்னா வரியில கழிவு கிடைக்குமாம், விசாரிங்க” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். எட்டு லட்சத்துக்கு 1,04,000 ரூபாய். ஒன்றிய விதிப்படி மாநிலங்கள் 25 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம். முழுதாகத் தந்தால் 26,000 மிச்சம். ஜென்னை எடை போட்டு வரும் இரும்புக் காசு தனி. ஒரு பக்கம் 10,000 கட்டு என்கிறீர்கள், மறுபக்கம் 26,000 எடுத்துக்கொள் என்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே வண்டி எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

எப்படி இருக்கிறது என்று நான் சொல்கிறேன். ஓடியது 96,000 கிலோமீட்டர். அப்பா டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் தேதி, லிட்டர், மீட்டர் எண் மூன்றையும் நீல மையில் எழுதினார். நான்காவது நோட்டில் பாதியில் அவர் கையெழுத்து நின்று என் கையெழுத்து தொடங்குகிறது. ஆயில் மாற்றியது, டைமிங் பெல்ட் மாற்றியது, இரண்டு முறை கிளட்ச் போட்டது எல்லாம் அதில் உண்டு. 993 சிசி அலுமினிய எஞ்சின் இன்றும் காலையில் முதல் சாவியிலேயே எடுக்கிறது. இதே வண்டி சுசூகி ஆல்டோ என்ற பெயரில் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியானது. பவர் ஸ்டியரிங் கிடையாது. ஆனாலும் சிறுவாணி ரோட்டு வளைவுகளில் சக்கரத்துக்கடியில் கிடக்கும் சரளையின் அளவுகூட உள்ளங்கையில் தெரியும். புது வண்டியின் முன்கண்ணாடி ஓரத்துத் தூண் என் கை அகலம் இருக்கிறது. மோதலில் கூரையைத் தாங்க அது வேண்டும்தான். ஆனால் காந்திபுரம் திருப்பத்தில் ரோட்டைக் கடக்கும் ஆளை ஒரு நொடி அது மறைத்துவிடுகிறது. ஜென்னில் அந்த ஆளின் முகம் தெரியும்.

வருடத்துக்கு இனி மூன்றாயிரம் கிலோமீட்டர் ஓடினால் பெரிது. பேரூர் கோயில், சிங்காநல்லூர் சந்தை, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஒரு சுற்று, அவ்வளவுதான். அதற்காகப் புதிதாக இன்னொரு கார் செய்ய வேண்டியதில்லை. ஒரு காருக்கு வேண்டிய எஃகையும் அலுமினியத்தையும் உருக்கி, பிளாஸ்டிக்கை வார்த்து, பெயின்ட் அடித்து வெளியே கொண்டுவரும் வரை ஆலையில் எரியும் நிலக்கரியும் மின்சாரமும் புகைதானே? என் ஜென்னுக்கான அந்தப் புகை 2000-லேயே போய்விட்டது.

புகை என்று வந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் என் வண்டி இன்றைய பிஎஸ்-6 புகை விதிப்படி செய்த வண்டியைவிடக் கூடுதலாகத்தான் அழுக்கு விடும். அதை மறைக்கமாட்டேன். போன மாதம் எடுத்த பொல்யூஷன் சர்டிபிகேட்டில் கார்பன் மோனாக்சைடு 0.6 சதவீதம். பாரத் நிலை இரண்டு என்ற புகை விதிக்கு முந்திய என் வண்டிக்கு அனுமதித்த எல்லை 3 சதவீதம். எல்லை அதிகம் என்று நினைத்தால் குறையுங்கள். ஒன்று என்று வையுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். அளந்து, தோற்றால் ரோட்டில் விடாதீர்கள். ஆனால் அளக்காமல் வயதை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதை ஏற்க முடியவில்லை. நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் கறுப்புப் புகை கக்கும் எட்டு வயது டீசல் வண்டி இந்தக் கணக்கில் இளையது, என் வண்டி கிழம்.

2021-ல் புதுப்பிக்கப் போனபோது நடந்த பரிசோதனையைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் போட்டுக் காட்டச் சொன்னார்கள். ஹாரன் அடித்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை. பிரேக்கை யாரும் சோதிக்கவில்லை. வண்டிக்கு அடியில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பழைய காரில் ஆபத்து இருக்கும் இடமே அடியில்தான். கதவுக்குக் கீழே ஓடும் தகரம் உள்ளிருந்து துரு பிடித்து, மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினால் உள்ளே போய்விடும். அப்படிப்பட்ட வண்டி 10,000 கட்டினாலும் ரோட்டுக்கு வரக்கூடாது. கட்டணத்தை ஏற்றியபோது சோதனையையும் ஏற்றியிருந்தால் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன். தானியங்கிச் சோதனை நிலையத்தில் உருளையில் ஏற்றிப் பிரேக் பாருங்கள், லிஃப்ட்டில் தூக்கிச் சேசிஸ் பாருங்கள். அதற்கு ஆகும் செலவை வாங்கிக்கொள்ளுங்கள்.

கார் ஆர்வலர் என்று சொல்லிக்கொண்டு சைலன்சரை வெட்டி, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, ராத்திரியில் ஊரை எழுப்புகிறவர்களுக்காக நான் பேசவில்லை. அவர்களைப் பிடியுங்கள்.

இப்போது என் மனதை மிகவும் அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தீர்கள். நல்ல விதி. 50 வயது ஆகியிருக்க வேண்டும். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பதிவு பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. அதாவது ஐம்பது வயதுக் கார் பத்து வருடத்துக்கு ஐயாயிரம் கட்டுகிறது. இருபத்தைந்து வயதுக் கார் ஐந்து வருடத்துக்குப் பத்தாயிரம் கட்டுகிறது. இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே முப்பது வருடம் ஒரு வண்டி எப்படி உயிரோடு இருக்கும்? நாற்பது வயதில் நொறுக்கப்பட்ட காருக்கு ஐம்பதாவது பிறந்த நாள் வராது.

சென்னையில் செய்த கார்களையே பாருங்கள். வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது. ஹெரால்டும் கெசலும் அங்கிருந்து வந்தன. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. பிரிட்டிஷ் காரான ரோவர் எஸ்டி1-இன் உடல், உள்ளே ஸ்டாண்டர்டின் பழைய எஞ்சின். விற்கவில்லை, 1988-ல் நின்றது. தமிழ்நாட்டில் பிறந்த அந்தக் கார் 50 வயதைத் தொட 2035 ஆகும். அதுவரை ஒன்றிரண்டையாவது யார் காப்பாற்றுவார்கள்? சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்து, ஒரு டெயில் லைட்டுக்காக ஆறு மாதம் காத்துக்கிடக்கும் பைத்தியங்கள்தான் காப்பாற்ற வேண்டும். 1983 டிசம்பரில் சாவி கொடுக்கப்பட்ட முதல் மாருதி 800-கூட பல வருடம் தெருவோரம் துருவேறி நின்றதுதான். நிறுவனமே எடுத்துச் சீர்செய்து தன் தலைமையகத்தில் வைத்திருக்கிறது. எல்லா வண்டிக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் ஊர் அவிநாசி ரோட்டில் ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். அங்கே நிற்கும் ஒவ்வொரு வண்டியும் நடுவில் யாரோ ஒருவரின் ஷெட்டில் முப்பது வருடம் தார்ப்பாய்க்கு அடியில் காத்திருந்ததால்தானே வந்து சேர்ந்தது?

ஜெர்மனியில் 30 வயதான கார் மூல வடிவில் நல்ல நிலையில் இருந்தால் ‘எச்’ எழுத்துப் பலகை கொடுத்து வரியைக் குறைக்கிறார்கள். பிரிட்டனில் 40 வயதானால் சாலை வரியே இல்லை. நமக்கும் 30 வயதில் ஒரு நடுப்படி வேண்டும் என்று கேட்கிறேன். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டலாம் என்று வரம்பு வையுங்கள், மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், கடுமையான சோதனை வையுங்கள். 20-லிருந்து 30 வரை உள்ளவற்றுக்கு, சோதனையில் தேறினால் பழைய 5,000 போதும். ஸ்கிராப் சர்டிபிகேட்டுக்கு வரித் தள்ளுபடி இருக்கட்டும், விரும்பிக் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும்.

இன்னொன்று பெட்ரோல். இதில் பெட்ரோலியத் துறைக்கும் நீங்கள் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அந்தக் காலத்து வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. அதுகூடப் பரவாயில்லை. போன மாதம் எங்கள் மெக்கானிக் எஞ்சின் பக்கத்துப் பெட்ரோல் ஹோஸைக் கழற்றி என் கையில் வைத்தார். ஊறிய பூரி மாதிரி உப்பி, நகம் வைத்தால் பதிந்தது. “ஏனுங்ணா, இது வெடிச்சுப் பெட்ரோல் எஞ்சின் மேல ஒழுகியிருந்தா என்னாயிருக்கும்?” என்றார். எல்லா ஹோஸும் மாற்றிவிட்டோம், பெரிய செலவு இல்லை. ஆனால் மாற்ற வேண்டும் என்று தெரியாத தையற்கடைக்காரருக்கு யார் சொல்வது? பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனால் கலந்த இ10 கொண்டுவந்தபோது பழைய வண்டிகளுக்காக சூப்பர் ரகத்தில் 5 சதவீத இ5-ஐ விட்டுவைத்தார்கள். மாவட்டத்துக்கு நாலு பெட்ரோல் பங்க்கிலாவது எத்தனால் குறைவான பழைய கலவையை விலை கூட்டியாவது வையுங்கள். வாங்கிக்கொள்கிறோம்.

புது வண்டி கார்த்திகைக் கடைசியில் வருமாம். ஷெட்டில் இரண்டும் நிற்க இடம் பண்ணியாகிவிட்டது. சைக்கிளை வெளியே எடுத்துவிட்டேன். ஜனவரியில் படிவம் 25-ஐ நிரப்பி, 10,000 கட்டிவிட்டு ஜென்னைக் கொண்டுவருவேன். அன்றைக்கு யாராவது அடியில் பார்க்க விரும்பினால் ஜாக்கும் ஸ்டாண்டும் டார்ச்சும் டிக்கியில் இருக்கும், அப்பாவின் நோட்டுகளும் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஜென் உரிமையாளர்,
சிங்காநல்லூர், கோவை