குளிர்காலம் தாண்டிய தேனீக்களுக்காக ஒரு நன்றி மடல்

உதவ வந்த அனைவருக்கும் அன்பு வணக்கம்.

குளிர்காலத்துக்குப் பிந்தைய முதல் சோதனை முடிந்துவிட்டது. பெரும்பாலான தேனீக் குடும்பங்கள் பிழைத்துவிட்டன, சில பிழைக்கவில்லை. இரண்டு சேதியையும் ஒரே மடலில் எழுதுகிறேன். உயிருள்ள பெட்டியைத் திறந்தபோது உடன் நின்று மகிழ்ந்தவர்களுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேனோ, ஓய்ந்துபோன பெட்டியைத் திறந்தபோது முகம் திருப்பாமல் நின்றவர்களுக்கும் அவ்வளவு கடன்பட்டிருக்கிறேன்.

முதல் நன்றி, இந்தச் சோதனைக்கு வர இயலாமல்போன அக்காவுக்கு. கோடை முடியும் தறுவாயிலேயே வந்து, ஒவ்வொரு பெட்டியிலும், தேனீக்களின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணியைக் கணக்கெடுத்துக் கொடுத்தவர் அவர். அரைக் கோப்பை தேனீக்களை, ஏறக்குறைய 300 இருக்கும், கண்ணாடிச் சாடியில் இட்டு, சர்க்கரைத் தூளைத் தூவி உருட்டி, வலைமூடி வழியாக வெள்ளைத் தட்டில் உதறுவார். தூளோடு செம்பழுப்பு நிறத்தில் உண்ணிகள் உதிரும். அவற்றை எண்ணிவிட்டுத் தேனீக்களைப் பத்திரமாகப் பெட்டியிலேயே விட்டுவிடுவார். நூறு தேனீக்கு மூன்று உண்ணியைத் தாண்டினால் அன்றே மருந்து, தள்ளிப்போடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்புதான் இன்று பறந்துகொண்டிருக்கிறது என்பேன். கோடையில் பிறக்கும் பணித்தேனீக்கு ஆயுள் ஆறு வாரம் போலத்தான். இலையுதிர் காலத்தை ஒட்டிப் பிறப்பவையோ உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு ஐந்தாறு மாதங்கள் தாக்குப்பிடிக்கின்றன. உண்ணி உறிஞ்சுவது அந்தக் கொழுப்புத் திசுவைத்தான் என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, குளிர்காலத் தேனீக்கள் பிறப்பதற்கு முன்பே உண்ணியை ஒடுக்கிவிட வேண்டும். பனி விழுந்த பிறகு எத்தனை கைகள் கூடினாலும் அந்த வேலைக்கு ஈடாகாது.

அடுத்து, காது கொடுத்துக் கேட்ட ஐயாவுக்கு. கடுங்குளிரில் மூடியைத் திறக்க முடியாது. தேனீக்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பந்தாகத் திரண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைத்துச் சூடு உண்டாக்கிக்கொண்டிருக்கும். திறந்தால் அந்தச் சூடு போய்விடும். ஐயா பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்து, விரல் கணுவால் ஒருமுறை தட்டுவார். உள்ளிருந்து ‘உம்’ என்று எழுந்து சட்டென அடங்கினால் தலையசைத்துவிட்டு நகர்வார். முனகல் போல நீண்டால் அந்தப் பெட்டிமீது சுண்ணக்கட்டியால் ஒரு கோடு: இராணி இருக்கிறதா என்று பிற்பாடு பார்க்க வேண்டும். ஒரு பெட்டியில் எந்தச் சத்தமும் இல்லை. நாங்கள் கைவிட்ட முகத்தோடு நின்றோம். அவர் மட்டும் காதை மெல்ல மெல்ல மேலே நகர்த்தி, மூடிக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, “இருக்கிறார்கள், பசியோடு இருக்கிறார்கள்” என்றார். கூட்டம் கீழிருந்த தேனைத் தின்றுகொண்டே மேலேறி உச்சியைத் தொட்டிருந்தது. பின்புறமாகத் தூக்கிப் பார்த்த அண்ணனும் பெட்டி லேசாக இருப்பதை உறுதிசெய்தார். குளிரில் சர்க்கரைப் பாகு வைத்தால் ஈரம்தான் கூடும். எனவே கெட்டிச் சர்க்கரைக் கட்டியைக் கூட்டத்தின் தலைக்கு நேர் மேலே வைத்து உடனே மூடினோம். அந்தக் குடும்பம் இன்று மகரந்தம் சுமந்து வருகிறது. ஐயா, உங்கள் காதுக்கு என் வணக்கம்.

நுழைவாயிலை அடைத்துக் கிடந்த செத்த தேனீக்களை வளைந்த கம்பியால் வாரி எடுத்த தம்பிகளுக்கும் நன்றி. சின்ன வேலையாகத் தெரியும். வாயில் அடைபட்டால் காற்றும் இல்லை. வெயில் தலைகாட்டும் நாளில் வெளியே பறந்து கழிவு நீக்கவும் வழியில்லை.

வெப்பம் 15 டிகிரியை எட்டும்வரை, அடையைத் தாங்கும் மரச்சட்டம் ஒன்றையும் தூக்கவிடாமல் காவல் நின்ற இன்னொரு அக்காவின் பொறுமையை இங்கே பதிவு செய்தாக வேண்டும். புழுக்கள் வளரும் அடையைத் தேனீக்கள் 34, 35 டிகிரியில் காக்கின்றன. நம் ஆவலுக்காக அதைக் குளிரவைக்க நமக்கு உரிமையில்லை என்று அவர் சொன்னது முற்றிலும் சரி.

திறந்த அன்று எங்கள் கூட்டத்திலேயே இளையவள்தான் பெரிய வேலை செய்தாள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சட்டத்தைச் சாய்த்து, அறைகளின் அடியை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், “நிற்கிறது!” என்றாள். அறையின் அடியில் மெல்லிய வெள்ளைக் கோடாக ஒரு முட்டை, செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. தேனீ முட்டை முதல்நாள் நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். நிற்கும் முட்டை கிடைத்தால், ஒரு நாளுக்குள் இராணி அங்கே வந்து போயிருக்கிறது என்று பொருள். இராணியைத் தேடிக் கூட்டைக் கலைக்க வேண்டாம். சட்டத்தை இறக்கிவிட்டு மூடிவிடலாம். பார்வையிழந்த தேனீ ஆய்வாளர் பிரான்சுவா ஹூபர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், உதவியாளர் பர்னன்ஸின் கண்களைக் கொண்டே தேனீ வாழ்வைக் கண்டறிந்தார். முதிர்ந்த கண்களோடு நாங்கள் தடவிக்கொண்டிருந்த வேளையில் அந்தப் பெண் எங்களுக்குப் பர்னன்ஸாக வந்தாள்.

இனி, இழந்தவற்றைப் பற்றி. அவற்றுள் ஒன்று, உண்ணிக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு வந்து சேர்ந்த குடும்பம். கைப்பிடி அளவே இருந்த தேனீக்கள் அறைகளுக்குள் தலையை நுழைத்தபடியே இறந்திருந்தன. நான்கு விரல்கடை தூரத்தில் மூடிய தேன் அப்படியே இருந்தது. பார்க்கவே நெஞ்சு கனத்தது. குளிர் இறுகும்போது சிறு கூட்டத்தால் தன் சூட்டை விட்டு அந்தத் தூரம்கூட நகர முடியாது. பட்டினி என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நோய் பார்க்கத் தெரிந்த அண்ணன் விடவில்லை. மூடிக் கிடந்த புழு அறைகளில் தீக்குச்சியை விட்டு இழுத்துப் பார்த்தார். நூலாக இழுபட்டால் அது புழுக்களை அழுகவைக்கும் நோய். இழுபடவில்லை, அந்த நோய் இல்லை. பிறகு சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி, அறைகளின் மேற்சுவரில் ஒட்டியிருந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். அவை உண்ணியின் எச்சம். கூட்டத்தைச் சிறுக்கவைத்தது உண்ணி. மிச்சத்தைக் குளிர் முடித்தது. அண்ணா, நீங்கள் வராவிட்டால் இந்தக் காரணம் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஓய்ந்த பெட்டிகளை அன்று மாலையே அடைத்து வைத்த எல்லோருக்கும் நன்றி. திறந்து கிடந்தால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் தேனைக் கொள்ளையிட வரும். நோய் இருந்தால் அதையும் சுமந்துகொண்டு போகும்.

பெட்டிவாரியான குறிப்புகளின் நகல் ஒன்றை ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைக்கிறேன்; விடுபட்டது இருந்தால் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். சுண்ணக்கட்டிக் கோடு போட்ட பெட்டிகளில் இன்னும் முட்டை தென்படவில்லை. அடுத்த வெயில் நாளில் அவற்றைப் பலமான குடும்பங்களோடு சேர்த்துவிடலாம் என்கிறார் ஐயா. கைகொடுக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தேனீ வளர்ப்பு நண்பன்