செயலாளர் ஆண்டறிக்கை: ஐந்து முனை நட்சத்திரமும் நான்கு கேடயங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, இரவுப் பணி முடிந்து சீருடையோடு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் மாதம் ஒருமுறை கூடியது. இரண்டு கூட்டங்கள் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாமல் கலைந்தன. அதில் ஒன்றில் கோரம் இருக்கத்தான் செய்தது. கூட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் மூன்று பேர் அழைப்புக்கு எழுந்து ஓடினார்கள். அவசர மருத்துவ சேவையில் இருப்பவர்கள் சங்கம் நடத்தினால் இப்படித்தான் நடக்கும் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அவசரத் தொலைபேசிகளை எடுக்கும் அழைப்பு மையத்தில் இருந்து வந்தவர்கள் என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வரும்.

இந்த ஆண்டு நம் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது பாராட்டு விழாதான். அதில் நடந்த பிழைகளில் பாதி என்னுடையவை என்பதால் அதைப் பற்றி விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முன்பெல்லாம் ஆண்டில் அதிக அழைப்புகளுக்குப் போனவருக்குக் கேடயம் கொடுப்போம். எண்ணிவிடலாம், சண்டை வராது. ஆனால் அமைதியான பகுதியில் நிற்கும் வண்டிக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தக் கணக்கில் தேறமாட்டார். தொலைபேசி எடுப்பவரும் பண்டக அறைக்காரரும் பட்டியலுக்குள்ளேயே வரமாட்டார்கள். ஆகவே இம்முறை விதியை மாற்றினோம். பரிந்துரையைச் சக பணியாளர்தான் எழுத வேண்டும். ஒரே ஒரு நிகழ்வைச் சொன்னால் போதும். ‘அர்ப்பணிப்பு’, ‘தன்னலமற்ற’ ஆகிய சொற்கள் இருந்தால் படிவம் திருப்பி அனுப்பப்படும். கடைசி விதி நான் போட்டது. மனவருத்தப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சொற்களை எடுத்த பிறகு வந்த படிவங்களில் ஆட்கள் இருந்தார்கள்.

நால்வரைத் தேர்ந்தெடுத்தோம். நோயாளிகளின் அடையாளம் வெளிவராமல் இருக்க, பெயர்களை இங்கே வாசிக்கவில்லை. அவர்கள் யார் என்று இந்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

முதலாமவர் அழைப்பு மையத்தில் இருப்பவர். பதற்றத்தோடு ஒரு பையன் அழைக்கிறான். அப்பா சாய்ந்துவிட்டார், எழுப்பினால் எழவில்லை. மூச்சு இருக்கிறதா என்று கேட்டால், “இருக்குங்க, குறட்டை விடுற மாதிரி விட்டு விட்டு வருது” என்கிறான். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு அப்படி ஓர் இழுப்பு வரும். பார்ப்பவருக்கு அது மூச்சு மாதிரியே இருக்கும்; ஆனால் மூச்சு இல்லை. அதை நம்பி, வண்டி வருகிறது, காத்திருங்கள் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நெஞ்சை அமுக்காமலும் மின் அதிர்ச்சி கொடுக்காமலும் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. எந்த ஓட்டுநரும் அந்தக் கணக்கை முந்த முடியாது. முந்த முடிந்தவர் அந்த நேரத்தில் அந்த வீட்டில் இருப்பவர் மட்டுமே.

ஒலிப்பதிவை உரிய அனுமதியோடு தேர்வுக் குழு கேட்டது. “தம்பி, போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க. அப்பாவைத் தரையில மல்லாக்கப் படுக்க வைங்க. நெஞ்சு நடுவுல ஒரு கை, அது மேல இன்னொரு கை. நான் எண்ணுறேன், கூடவே அமுக்குங்க.” அதன் பிறகு எண்ணிக்கைதான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நடுவில் பையன் கத்துகிறான்: “எலும்பு உடையிற மாதிரி சத்தம் கேக்குது!” அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “பரவாயில்ல தம்பி, நிறுத்தாதீங்க. ஒண்ணு, ரெண்டு…” குழுவில் ஒருவர் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அமுக்க வேண்டும். அவர் எண்ணியது அந்த வரம்புக்குள் கச்சிதமாக நின்றது. பொருளாளரின் விரல்கள் அவருக்கே தெரியாமல் மேசையில் அதே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தன.

வண்டி போய்ச் சேர்ந்ததும் அவர் இணைப்பைத் துண்டித்தார். உடனே அடுத்த அழைப்பு. அந்த அப்பா பிழைத்தாரா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது கேடயம், உயிர் பிழைக்காத ஓர் அழைப்புக்காக. குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. “செத்துப்போன கேஸுக்கா பாராட்டு?” என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். படிவத்தை முழுதாக வாசித்தேன். வயதான தம்பதி, கணவருக்கு மாரடைப்பு. குழு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது, பலனில்லை. புதிதாகச் சேர்ந்த இளைஞர் அந்த அம்மாவிடம் போய், “ஐயா போயிட்டாரும்மா” என்றார். அந்த அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, “எந்த ஆஸ்பத்திரிக்குப்பா? நானும் வரேன்” என்று கேட்டார்.

மூத்த பணியாளர் அந்த இளைஞரின் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு, தரையில் மண்டியிட்டு அந்த அம்மாவின் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: “அம்மா, ஐயாவோட இதயம் நின்னுபோச்சு. நாங்க திரும்ப ஓட வைக்கப் பார்த்தோம், முடியல. ஐயா இறந்துட்டாரும்மா.” பிறகு ஒன்றும் பேசாமல் அப்படியே இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எழுந்தார். இறப்புச் செய்தி சொல்வதற்கான பயிற்சிகளில் ‘இறந்துவிட்டார்’ என்ற சொல்லையே சொல்லுங்கள், சுற்றி வளைக்காதீர்கள் என்று கற்றுத்தருகிறார்கள். நம் மொழியில் போயிட்டார், தவறிட்டார், காலமாயிட்டார் என்று மெத்தென்ற சொற்கள் எத்தனையோ உண்டு. அவை கேட்பவரைவிடச் சொல்பவரைத்தான் காப்பாற்றுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பரிந்துரையை எழுதியது அந்த இளைஞர்தான். படிவத்தை வாசித்து முடித்ததும் எதிர்ப்பு தெரிவித்தவர் தண்ணீர் குடிக்க வெளியே போனார். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்.

மூன்றாமவர் ஒரு பணிமுறைத் தலைவர், அதாவது ஷிஃப்ட் பொறுப்பாளர். ஒரு குழந்தையின் அழைப்பு, மோசமாக முடிந்தது. திரும்பி வந்த குழுவிடம் அவர், “ஓகேவா?” என்று கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் ஓகே என்றுதான் சொல்வார்கள். வண்டியைப் பணியில் இல்லை என்று குறித்துவிட்டு, சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வண்டிக்கு ஆள் குறைந்தபோது தானே ஏறிப் போனார். மேலிடத்தில் இருந்து விளக்கம் கேட்டார்கள். விளக்கம் ஒரே வரி: “முடிவு என்னுடையது.” தலைமை பற்றி நாங்கள் நீளமாக ஒன்றும் விவாதிக்கவில்லை. அந்த ஒரு வரியைச் சுற்றறிக்கையாக அனுப்பலாமா என்று மட்டும் பேசி, வேண்டாம் என்று விட்டோம்.

நான்காமவர் பண்டக அறையில் இருக்கிறார். ஆக்சிஜன் சிலிண்டரின் அளவுமானி, சளி உறிஞ்சும் கருவியின் பேட்டரி, குரல்வளை காட்டியின் சிறு விளக்கு, நெஞ்சில் ஒட்டும் அதிர்ச்சிப் பட்டைகளின் காலாவதித் தேதி என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிறவர். தேதி கடந்தால் பட்டையின் பசை காய்ந்து சரியாக ஒட்டாது, மின்சாரம் சரியாகப் பாயாது. அது தெரிய வருவது நோயாளியின் நெஞ்சில் வைத்த பிறகுதான். அவருடைய பரிந்துரைதான் எல்லாவற்றிலும் சிறியது: “இவர் பார்த்துக் கொடுத்த பையைத் திறக்கும்போது நான் பயந்ததே இல்லை.”

இனி என் பிழைகள். முதல் பிழை, விழாவை மாலைப் பணிமுறை மாறும் நேரத்தில் வைத்தேன். பாதி இருக்கைகள் காலி. இருபது வருடம் இதே பணிமுறையில் ஓடிய எனக்கு இது தோன்றவில்லை என்பதை மன்னிக்க வேண்டுகிறேன். இரண்டாவது, கேடயம். நம் வண்டிகளிலும் சட்டைக் கைகளிலும் இருக்கும் நீல நிற உயிர் நட்சத்திரத்தைப் பொறிக்கச் சொல்லி அவசரத்தில் கையால் வரைந்து அனுப்பினேன். வந்த நான்கிலும் நட்சத்திரத்துக்கு ஐந்தே முனை.

உறுப்பினர்களுக்குத் தெரிந்ததுதான், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். 1970களில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையில் லியோ ஷ்வார்ட்ஸ் வடிவமைத்த அந்தச் சின்னத்துக்கு ஆறு முனைகள். நடுவில் பாம்பு சுற்றிய கோல். ஒவ்வொரு முனையும் நம் வேலையின் ஒரு கட்டம்: ஆபத்தைக் கண்டறிதல், தகவல் சொல்லுதல், விரைந்து சேர்தல், இடத்திலேயே சிகிச்சை, வழியில் கவனிப்பு, மருத்துவமனையில் ஒப்படைத்தல். ஐந்து முனைக் கேடயத்தை மேசையில் வைத்ததும், “எதை வெட்டிட்டீங்க?” என்று தலைவர் சிரித்தார். முதல் கேடயத்துக்கு உரியவர் பின்வரிசையில் இருந்து, “வேற எதை? தகவல் சொல்றதைத்தான். எப்பவும் அதுதானே விட்டுப்போகுது” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1935இல் லண்டனில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்தது. ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு இணைப்பகத்தின் பதிலுக்காகக் காத்துக் கிடந்தார். அந்தக் கோபத்தில் இருந்துதான் 1937இல் 999 என்ற அவசர எண் பிறந்தது. எண் எல்லோருக்கும் தெரிகிறது. மறுமுனையில் எடுப்பவர் யாருக்கும் தெரிவதில்லை. அழைப்பு மையத்துக்காரர்கள் இந்த ஆண்டு கூட்டமாக நம்மிடம் சேர்ந்ததற்குக் காரணம், அந்த முதல் கேடயம் என்றே நினைக்கிறேன்.

விழாவில் மூன்றாவது பாராட்டுரை பாதியில் இருக்கும்போது வானொலிக் கருவி அலறியது. வாசித்துக்கொண்டிருந்தவர் தாளை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். மீதியை நான் வாசித்தேன். பாராட்டப்பட்டவரும் அதே வண்டியில் போய்விட்டதால், காலி நாற்காலியைப் பார்த்து வாசிக்க வேண்டியதாயிற்று.

பயிற்சி. மாதாந்திர நெஞ்சு அழுத்தப் பயிற்சி நடந்தது. பயிற்சிப் பொம்மை ஒன்றின் மார்புச் சுருள்வில் உடைந்து பாதி ஆண்டு மூலையில் கிடந்தது, இப்போது சரி. 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ விடுதல், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுதல். இதில் கடைசியில்தான் நம் ஆட்கள் தோற்கிறார்கள். களைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே ஆழம் குறைந்துகொண்டு போகும். தலைவர்கள் முதலில் மாறிக் காட்டினால் மற்றவர்கள் மாறுவார்கள்.

ஒரு மாலையில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவை பற்றிப் பேசினோம். 1967இல் தொடங்கியது. அதற்கு முன் அந்த நகரத்தில் நோயாளிகளைப் பெரும்பாலும் காவல்துறை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். வேலை இல்லாத கறுப்பின இளைஞர்களைத் திரட்டி, மருத்துவர் பீட்டர் சஃபார் வகுத்த பாடத்திட்டத்தில் பயிற்றுவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சஃபார் தன் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்திருந்தார். பிறகு மருத்துவர் நான்சி கரோலைன் அந்த இளைஞர்களோடு தெருவில் இறங்கி வேலை செய்தார்; அவர் எழுதிய பாடநூலில்தான் பின்னால் வந்த பாராமெடிக்குகள் படித்தார்கள். 1975இல் நகர நிர்வாகம் தன் சொந்த சேவையைத் தொடங்கி, இதை மூடியது. கௌரவம் வந்தது பல பத்தாண்டுகள் கழித்து. கேட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர், “அதுக்குள்ள எத்தனை பேர் செத்திருப்பாங்க?” என்றார். நோயாளிகளைச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். பணியாளர்களைச் சொல்லியிருக்கிறார்.

இப்போது, பிறகு சொல்கிறேன் என்று விட்ட விஷயம். நாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்ன ஆனார் என்பது நமக்குத் தெரிவதில்லை. கதவு மூடும், படுக்கை விரிப்பை மாற்றுவோம், அடுத்த அழைப்பு. வருடக்கணக்கில் முடிவே தெரியாத கதைகளைச் சுமந்துகொண்டு திரிகிறோம். கேடயத்தைவிட ஒரு பதில் வந்தால் போதும் என்று பரிந்துரைப் படிவங்களின் ஓரத்தில் ஆறு பேர் எழுதியிருந்தார்கள். அதனால் ‘பதில் சீட்டு’ தொடங்கினோம். நோயாளியோ குடும்பமோ சம்மதித்தால் மட்டும், பெயர் இல்லாமல், வீடு திரும்பினாரா இல்லையா என்ற ஒரே தகவல் குழுவுக்கும் அழைப்பு மையத்துக்கும் வரும். ஒரு மருத்துவமனை மூன்று கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. இன்னொன்றில் ஒரு செவிலியர் தானாக முன்வந்து, வாரத்துக்கு ஒருமுறை சீட்டுகளைச் சேர்த்து அனுப்புகிறார். அடுத்த ஆண்டுக் கேடயப் பட்டியலில் அவர் பெயர் வர வேண்டும் என்று இப்போதே துண்டு போட்டு வைக்கிறேன்.

எண்ணிச் சொன்ன நம் அழைப்பு மையத்துக்காரருக்கும் சீட்டு வந்தது, ஐந்து மாதம் கழித்து. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். காதில் ஹெட்செட், எதிரே இரண்டு திரைகள். சீட்டைப் பார்த்தார். “வீடு திரும்பினார். நடக்கிறார்.” விசைப்பலகைக்கு அடியில் அதைச் செருகிவிட்டு, விரலை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அழைப்பு வந்திருந்தது.

நிலுவையில் உள்ளவை: ஒன்றும் பதிலளிக்காத மருத்துவமனையோடு நேரில் பேச வேண்டும், விழாவை இனி காலையிலும் மாலையிலும் இரண்டு வேளையாக நடத்த வேண்டும், ஆறு முனையோடு புதிய கேடயங்கள் செய்ய வேண்டும். பழைய நான்கையும் திருப்பித் தருமாறு கேட்டேன். மூவர் தந்தார்கள். அழைப்பு மையத்துக்காரர் தரமாட்டேன் என்கிறார். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். மாலைப் பணிக்குப் போக வேண்டியவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

செயலாளர்