கசடிலிருந்து ஹைட்ரஜன்: எத்தனை கிலோ என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உருக்காலைக் கசடின் மேல் நீராவியைச் செலுத்தி ஹைட்ரஜன் எடுக்கலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விஷயம் உண்மைதான், நல்ல விஷயமும்கூட. ஆனால் நாட்டின் எரிபொருள் தேவைக்கே இது விடை என்கிற தொனியில் எழுதியிருந்தது உறுத்தியது. ஒரு டன் கசடுக்கு எத்தனை கிலோ ஹைட்ரஜன் வரும் என்ற கணக்கு கட்டுரையில் எங்குமே இல்லை. வட மாநில உருக்காலை ஒன்றில் கன்வெர்ட்டர் (இரும்பை எஃகாக்கும் கலம்) பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கணக்கைப் போட பள்ளிக்கூட வேதியியலே போதும்.

ஊதுலையிலிருந்து வரும் இரும்புக் குழம்பைக் கன்வெர்ட்டரில் ஊற்றி ஆக்சிஜன் ஊதும்போது கார்பன், சிலிக்கான், பாஸ்பரஸ் எல்லாம் எரிந்து பிரியும், கூடவே கொஞ்சம் இரும்பும் ஆக்சிஜனோடு சேர்ந்து, நாம் போட்ட சுண்ணாம்போடு கலந்து கசடாக மேலே மிதக்கும். எல்.டி. ஸ்லாக் என்போம். ஒரு டன் எஃகுக்கு 100 முதல் 200 கிலோ வரை வரும். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஃபெரஸ் ஆக்சைடு என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள இடமிருக்கிறது. சூடாக இருக்கும்போது நீராவி பட்டால் அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மேக்னடைட் என்ற, ஆக்சிஜன் கூடிய இரும்பு ஆக்சைடாக மாறிவிடும், ஹைட்ரஜன் தனியே வெளியேறும். 1780களில் பாரிஸில் வேதியியலாளர் லவாய்சியர், பழுக்கக் காய்ச்சிய துப்பாக்கிக் குழாய் வழியே நீராவியை விட்டு ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியதும் இதே வகை வினைதான். 1794-இல் ஃப்ளூரஸ் போரில் பிரெஞ்சுப் படை பறக்கவிட்ட வேவு பலூனுக்கும் சூடான இரும்பும் நீராவியும் கொடுத்த வாயுவே நிரப்பப்பட்டது. இரும்புக்குப் பதில் கசடு என்பதுதான் இப்போது புதிது.

சரி, கணக்கு. 216 கிலோ ஃபெரஸ் ஆக்சைடு முழுவதுமாக வினைபுரிந்தால் 2 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். ஒரு டன் கசடில் 200 கிலோதான் இருக்கிறது என்றால் 1.85 கிலோ. இதுதான் உச்சவரம்பு. நடைமுறையில் இதைத் தொட முடியாது, ஏனென்றால் கட்டியாக உறைந்த கசடின் உள்ளே நீராவி போவதில்லை, அரைத்தாக வேண்டும், அரைக்கிற மின்சாரம் அந்த ஹைட்ரஜனின் பலனில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். பிரான்ஸின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 200 முதல் 400 டிகிரி வரையிலான வெப்பத்தில் கன்வெர்ட்டர் கசடையும் நீரையும் சேர்த்து மிகத் தூய ஹைட்ரஜன் எடுத்தார்கள். அதுவும் கசடைத் தூளாக்கித்தான். வெப்பத்தை இன்னும் ஏற்றினால் வினை வேகமாகும், ஆனால் செலுத்திய நீராவியில் ஹைட்ரஜனாக மாறும் பங்கு குறைந்துவிடும்.

நாடு முழுக்க என்று பார்ப்போம். இந்தியா இப்போது ஆண்டுக்கு 14 கோடி டன்னுக்கு மேல் எஃகு உருக்குகிறது, அதில் கன்வெர்ட்டர் வழியாக வருவது பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆறு கோடி டன் என்று வைத்தால், டன்னுக்கு 150 கிலோ வீதம் கசடு 90 லட்சம் டன். ஒரு துகள் விடாமல் வினைபுரிய வைத்தாலும் 17,000 டன் ஹைட்ரஜனைத் தாண்டாது. தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் 2030 இலக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டன். எங்கே இருக்கிறது எங்கே! இன்னொரு விதமாகச் சொன்னால், நிலக்கரி இல்லாமல் ஹைட்ரஜனை மட்டும் வைத்து இரும்புத் தாதுவிலிருந்து ஒரு டன் எஃகு செய்ய 50 கிலோவுக்கு மேல் ஹைட்ரஜன் வேண்டும். ஒரு டன் எஃகின் கசடு தருவது கால் கிலோ, அவ்வளவுதான்.

அப்படியானால் வேண்டாத வேலையா என்றால், இல்லை. இதை எரிபொருள் உற்பத்தி என்று பார்க்காமல் கசடைக் கையாளும் வேலை என்று பார்த்தால் எனக்கு இதில் நிறைய நம்பிக்கை உண்டு. ஊதுலைக் கசடு மணலாக்கப்பட்டு சிமென்ட்டுக்குப் போய்விடுகிறது. எல்.டி. ஸ்லாக்கை அப்படி யாரும் வாங்குவதில்லை. அதில் கரையாமல் தங்கிய சுண்ணாம்பு ஈரம் பட்டால் ஊதும், அதைப் போட்டுச் சாலை அமைத்தால் சாலையே உப்பி வெடிக்கும். அதனால்தான் உருக்காலைகளைச் சுற்றி மலை மலையாகக் குவித்து வைத்து, வெயிலிலும் மழையிலும் பல மாதம் ஆறவிடுகிறார்கள். அந்தக் குவியலில் இறங்கி ஓடும் மழைநீர் கடும் காரத்தன்மையோடு இருக்கும், பக்கத்து ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். ஜப்பானில் இதற்கு நீராவியைத்தான் பயன்படுத்துகிறார்கள்: சாதாரண நீராவியில் சில நாட்கள், அழுத்த நீராவியில் சில மணி நேரம், சுண்ணாம்பு அடங்கிவிடுகிறது. ஆக நீராவி எப்படியும் தேவை. அதையே இன்னும் சூடாக, மூடிய கலத்துக்குள் கொடுத்தால் சுண்ணாம்பும் அடங்கும், ஹைட்ரஜனும் கொஞ்சம் வரும், இரும்பு ஆக்சைடு மேக்னடைட்டாகிக் காந்தத்தில் ஒட்டும். பிரித்தெடுக்கும் அந்தப் பங்கைத் தாதுவோடு சேர்க்க முடிந்தால், கன்வெர்ட்டரில் இழந்த இரும்பில் ஒரு பகுதியாவது திரும்பும். குஜராத்தின் ஹசீராவில் 2022-இல் பதப்படுத்திய எஃகுக் கசடில் ஆறு வழிச் சாலையே போட்டிருக்கிறார்கள், அதனால் பதப்படுத்திய கசடுக்கு வேலை இல்லை என்று சொல்ல முடியாது.

அப்புறம் வெப்பம். கன்வெர்ட்டரிலிருந்து 1,600 டிகிரியில் இறங்கும் கசடைக் குழியில் கொட்டித் தண்ணீர் அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் வலி புரியும், அத்தனை வெப்பமும் ஆவியாக வானத்துக்குப் போகும். ஒரு டன் கசடில் இருக்கும் வெப்பம், அதிலிருந்து எடுக்கக்கூடிய ஹைட்ரஜனின் ஆற்றலைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. கட்டுரை பேசியிருக்க வேண்டியது இந்த ஏழு மடங்கைப் பற்றித்தான். நீராவி தயாரிக்கத் தனியாக நிலக்கரி எரித்துவிட்டுக் கழிவிலிருந்து ஹைட்ரஜன் என்று சொன்னால் அது ஏமாற்று, கசடின் சூட்டிலேயே நீராவி எடுத்தால் அது சாதனை.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வரி இல்லை. சூடான கசடும் தேங்கிய தண்ணீரும் சந்தித்தால் வெடிக்கும் என்பது உருக்காலையில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம். மூடிய கலத்தில் ஹைட்ரஜன் சேரும்போது காற்று கலந்துவிட்டால் ஆபத்து பல மடங்கு. இந்தத் தொழிலில் கசடுக் குழி வேலை பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம்தான் இருக்கிறது, புதிய முறை வந்தால் முதலில் அடி வாங்குவதும் அவர்கள்தான்.

கடைசியாக, இதைப் பசுமை ஹைட்ரஜன் என்று எழுதியிருந்ததைத் திருத்துங்கள். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வரையறை, மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பையும் உயிர்மப் பொருட்களையும் பற்றியது. கசடில் இருக்கும் இரும்பு நிலக்கரிக் கோக்கால் தாதுவிலிருந்து பிரிக்கப்பட்டது, அதன் கார்பன் கணக்கை எங்கே சேர்ப்பது என்று யாராவது முடிவு செய்த பிறகு பெயர் வைக்கலாம். அடுத்த முறை இதை எழுதுபவர், ஒரு டன்னுக்கு எத்தனை கிலோ, நீராவி எதிலிருந்து வந்தது, மிஞ்சிய கசடு எங்கே போனது என்ற மூன்றையும் ஆலைக்காரர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உருக்காலை ஊழியர்,
சேலம்.