பலகையைக் கைமாற்றிவிடு

ஏற்காடு
மாசி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். காப்பிப் பறிப்பு முடிந்துவிட்டது, மிளகு இன்னும் கொடியில்தான். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ராத்திரியானால் கம்பளி இல்லாமல் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பேரன் நடுவில் புகுந்து போனைப் பிடுங்கிக்கொண்டான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மெல்போர்னில் நீங்கள் வாங்கியிருக்கும் வீட்டுத் தோட்டத்தில் பழைய சொந்தக்காரர் கட்டிவிட்டுப்போன செங்கல் அடுப்பு இருக்கிறது, சித்திரையில் அவன் பிறந்தநாளுக்கு அதில் 30 பேருக்கு பீட்சா போடப்போகிறேன், பொங்கலுக்கு நீங்கள் போட்ட மாதிரியே என்றாய். தாராளமாகச் செய். ஆனால் அந்த 30 என்ற எண்ணைக் கேட்டதிலிருந்து என் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாவை விரித்து, மேலே தூவி, உள்ளே தள்ளி, வெந்ததும் எடுக்க ஒன்றுக்கு 4 நிமிஷம் வைத்துக்கொள். ஆளுக்கு ஒன்று என்றால் 30 பீட்சாவுக்கு 2 மணி நேரம். முதல் ஆள் சாப்பிட்டுக் கை கழுவி வீட்டுக்குக் கிளம்பும்போது கடைசி ஆள் இன்னும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நம் வீட்டு விசேஷம் என்றால் பந்தி. எல்லோரும் ஒரே நேரத்தில் இலை முன்னால் உட்காருவார்கள், பரிமாறுகிறவன் வரிசையாகப் போவான். பீட்சாவைப் பந்தி போட முடியாது. ஒவ்வொன்றாக வரும், வந்த சூட்டிலேயே சாப்பிட வேண்டும், ஆறினால் வறட்டி. அதனால் ஆளுக்கு ஒன்று என்ற எண்ணத்தையே விட்டுவிடு. 15 போதும். வெளியே வந்ததும் எட்டாக வெட்டி, நிற்கிறவர்கள் கையில் ஆளுக்கொரு துண்டு கொடு. அடுத்தது வேறு ருசி, மறுபடி ஆளுக்கொரு துண்டு. நடுவில் வாய் சும்மா இருக்கக் கூடாது. நாங்கள் சேலத்திலிருந்து தட்டுவடையும் பச்சை, சிவப்பு சட்னியும் கொண்டுவரச் சொல்லி, காரட் பீட்ரூட் துருவலோடு திண்ணையில் வைத்துவிட்டோம். பிள்ளைகள் அவர்களே இரண்டு தட்டுவடைக்கு நடுவில் அதையெல்லாம் வைத்து செட் போட்டுக்கொண்டார்கள். உங்கள் ஊரில் அதற்கு என்ன கிடைக்குமோ அதை வை.

அடுப்பைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இத்தனை வருஷம் சூளைக் கல்லோடு கிடந்தவன். இங்கே கட்டும்போது கொத்தனார், “ஏனுங்க, சேலத்துலயே வெள்ளைக்கல்லு இருக்குதே, அந்தச் செங்கல்லையே தரைக்குப் போட்டுட்டா என்னங்க?” என்றார். அந்த வெள்ளைக்கல், அதாவது நம் ஊர் மேக்னசைட், எஃகு உருக்கும் உலைக்கு உள்பூச்சாகப் போகிற சாமான். அதை ரொட்டி அடுப்பின் தரையில் பதித்தால் சூட்டை வேகவேகமாக மேலே கொடுத்துவிடும். மேலே சீஸ் உருகுவதற்குள் அடி கருகிப்போகும். ஈரம் பட்டால் அது வெடிக்கவும் செய்யும், இந்த மலையில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும். களிமண்ணில் சுட்ட தீச்செங்கல்தான் இதற்கு லாயக்கு. சூட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக விடும். உங்கள் அடுப்பின் தரையில் என்ன கல் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கையால் தடவிப் பார். மேடு பள்ளம் இல்லாமல் இருந்தால் போதும். மேல் கூட்டில் மயிரிழை விரிசல் இருக்கும், அதற்குப் பயப்படாதே.

பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. ரொம்ப நாள் மூட்டாத அடுப்பு என்று சொன்னாய். கல் தண்ணீர் குடித்திருக்கும். முதல் நாளே பெரிதாக எரித்தால் உள்ளே ஆவி கிளம்பிக் கல்லைப் பிளக்கும். பிறந்தநாளுக்கு முந்தின வாரம் தினமும் சாயங்காலம் சின்னதாகத் தீ போடு, ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூட்டு. மாப்பிள்ளை ஆபீஸ் விட்டு வந்ததும் செய்யட்டும், அவருக்கும் கை பழகும். வெயில் காலத்தில் உங்கள் ஊரில் நெருப்பே மூட்டக்கூடாது என்று தடை அறிவிப்பார்கள் என்றாயே, சித்திரையில் அங்கே சூடு தணிந்திருக்கும் என்றாலும் அன்று காலை ஒரு தடவை பார்த்துவிடு.

விறகு: இங்கே எங்களுக்குப் பிடுங்கிப்போட்ட காப்பிச் செடித் தூர் இருக்கிறது. கெட்டியான கட்டை, கங்கு நின்று எரியும். சில்வர் ஓக் கிளை பற்றவைக்க மட்டும், பொசுக்கென்று எரிந்து தீர்ந்துவிடும். உங்கள் பக்கம் ரெட் கம் என்று ஒரு விறகு விற்பார்கள், அதில் நன்றாகக் காய்ந்ததாக வாங்கு. வேலி பிரித்த பலகை, பச்சைச் சாயம் ஏறிய பைன் கட்டை எதையும் உள்ளே போடாதே. கரையான் அரிக்காமல் இருக்க அதில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள். அந்தப் புகையில் வேகிற பண்டத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

ஆட்கள் வருவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் நடுவில் மூட்டு. உள்கூரை முதலில் புகையடித்துக் கன்னங்கரேல் என்று ஆகும். சூடு ஏற ஏற அந்தக் கரி தானே எரிந்து, கூரை வெளுக்கும். அது வெளுத்தால்தான் அடுப்பு தயார், கடிகாரத்தைப் பார்த்து முடிவு பண்ணாதே. பிறகு கங்கை ஒரு பக்கமாக ஒதுக்கித் தரையைத் துடைத்துவிட்டு, ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பார். உடனே கருகினால் இன்னும் கொஞ்சம் பொறு. நாலைந்து எண்ணுவதற்குள் பொன்னிறமானால் போடலாம்.

நேப்பிள்ஸ்காரர்கள் இதற்கென்றே 1984-ல் ஒரு சங்கம் வைத்து, உருண்டை எத்தனை கிராம், அடுப்பு எத்தனை டிகிரி என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கணக்குக்கு ஒரு பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும். நம் அடுப்பு அந்தச் சூட்டுக்குப் போகாது, போகவும் வேண்டாம். 2 நிமிஷம், 3 நிமிஷம் ஆனால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்: தக்காளியை வதக்காதே. கையால் பிசைந்து, வடிகட்டியில் தண்ணீரை இறக்கி, உப்பு மட்டும் போட்டு அப்படியே தடவு. அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை, பச்சை வாடை அடிக்கும் என்றாள். அடித்தால் அடிக்கட்டும் என்று ஒன்று போட்டுப் பார்த்தோம், அதற்குப் பிறகு வாணலியை அவளே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாவுக்கு மைதா 1 கிலோ, தண்ணீர் 600 மில்லி, உப்பு 25 கிராம், ஈஸ்ட் 2 கிராம். சர்க்கரை வேண்டாம், இந்தச் சூட்டில் கருக்கிவிடும். பிசைந்து 2 மணி நேரம் வெளியே வைத்து, பிறகு ராத்திரி முழுக்க பிரிட்ஜில். காலையில் 250 கிராம், 260 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 6 வரும். உனக்கு இரண்டரை கிலோ மாவு. விரிக்கும்போது சப்பாத்திக் கட்டை பக்கமே போகாதே, விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளு, ஓரத்தை அமுக்காதே. பீட்சாவை அடுப்புக்குள் தள்ளுகிற பலகையில் கொஞ்சம் ரவை தூவி அதன் மேல் மாவை வைத்ததும் ஒரு குலுக்கு குலுக்கிப் பார். வழுக்கினால் சரி. ஒட்டிக்கொண்டிருந்தால் மேலே எதையும் போடாதே. மாமா அந்தக் குலுக்கலைச் செய்யாமல் தள்ளினார், பாதி உள்ளே போய் மடிந்து, மீதி பலகையிலேயே நின்றது. அதையும் பிள்ளைகள் கரண்டியால் அள்ளித் தின்றுவிட்டார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிற ஆள். அம்மா மாதிரி. நம் வீட்டில் தோசை சுடுகிற அன்றைக்குக் கவனித்திருப்பாய். கல் முன்னால் நிற்கிறவளுக்குக் கடைசித் தோசை, அதுவும் எல்லோரும் எழுந்த பிறகு, சட்னி வழித்த கிண்ணத்தோடு. இந்த அடுப்பும் அதே வேலையைத்தான் செய்யும். வாயில் நிற்கிற ஆளை நகரவிடாது. முகம் வெந்து, கண் எரிந்து, 2 மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பிறந்தநாள் முடிந்திருக்கும்.

பொங்கலுக்கு நான் யோசித்து ஒன்றும் செய்யவில்லை, தானாக நடந்தது. முதல் இரண்டை நான் போட்டேன். அம்மாப்பேட்டை அத்தை பக்கத்தில் வந்து நின்றாள், “தள்ளு அண்ணா, நானும் ஒண்ணு போட்டுப் பாக்கறேன்” என்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பலகையை வாங்கியவள், நாலு போடும்வரை யாரிடமும் கொடுக்கவில்லை. பாதி வெந்ததும் தீப்பக்கம் இருக்கிற ஓரத்தைத் திருப்ப வேண்டும், அதை அவள் என்னைவிடச் சுத்தமாகச் செய்தாள். அப்புறம் மாமா, அவர் பெண், பக்கத்துத் தோட்டத்துப் பையன் என்று பலகை கை மாறிக்கொண்டே போனது. உள்ளே வேலை இல்லாததால் அம்மா திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அத்தை ஒரு தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள், சின்ன வெங்காயமும் நம் தோட்டத்து மிளகு நுணுக்கியதும் போட்டது. அம்மா அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று சுற்றிலும் பார்த்தாள். எல்லோர் கையிலும் துண்டு இருந்தது. வேறு வழியில்லாமல் கடித்தாள், சீஸ் நாக்கைச் சுட்டுவிட்டது. “இவ்ளோ சூடாவா இருக்கும் இது?” என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதனால் உன் வீட்டில் இதைத் திட்டம் போட்டே செய். முதல் இரண்டு நீ போடு. பிறகு மாப்பிள்ளை. அதற்குப் பிறகு வருகிறவர்களில் ஆர்வமாக எட்டிப் பார்க்கிறவர் கையில் பலகையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடு. கோணலாக வரும், ஒன்றிரண்டு கருகும். மாவு மட்டும் இரண்டு உருண்டை கூடவே வைத்துக்கொள். குழந்தைகள் விரிக்கட்டும், தள்ளுவது பெரியவர்கள்.

எல்லாம் முடிந்ததும் கங்கை அப்படியே விட்டுக் கதவை மூடு. அம்மா மரவள்ளிக்கிழங்கை உள்ளே வைத்தாள், காலையில் தோல் உரித்தால் மாவாக உதிர்ந்தது.

பலகை நான் அனுப்புகிறேன். மரத்தில் செய்தால் உங்கள் ஊரில் பிரித்துப் பார்ப்பார்களாம், அதனால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அலுமினியத் தகடு வாங்கி, கைப்பிடியைக் கழற்றி மாட்டுகிற மாதிரி பட்டறையில் சொல்லிச் செய்துவிடலாம். இரண்டு செய்யச் சொல்கிறேன். அடுப்பு வாய் எத்தனை அங்குல அகலம், உள்ளே ஆழம் எத்தனை என்று டேப் வைத்து அளந்து இந்த வாரத்துக்குள் அனுப்பு. பார்சல் போய்ச்சேர நாள் ஆகும். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா