பிராக்கில் உனக்குக் கிடைக்கும் அந்த ஒரு நாள்

அன்புள்ள கயலுக்கு,

பிராக்கில் ஒரு நாள் வேலை இல்லாமல் இருக்கும், எதைப் பார்க்கலாம் என்று போனில் கேட்டாய். அம்மா ஒன்று சொல்ல, நடுவில் புகுந்து நான் ஒன்று சொல்ல, உனக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன் கண்ணு. நீளமாகத்தான் போகும், விமானத்தில் வைத்துப் படித்துக்கொள்.

முதல் விஷயம், ஒரு வழிகாட்டியோடு நடந்து போய்ப் பார். போனை வைத்துக்கொண்டு நானே சுற்றிக்கொள்கிறேன் என்று சொல்லாதே. உன்னால் முடியும், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர் முழுக்க அண்ணாந்து பார்க்க வைக்கிற ஊர், கோபுரமும் சிலையும் கண்ணை மேலேயே இழுத்துக்கொண்டு போகும். போன வருஷம் எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்த அம்மாள், அம்பது வயசுக்கு மேல் இருக்கும், ஊதாக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தவர், ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிட்டார்: மேலே இருப்பதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், கீழே இருப்பதை நான் காட்டுகிறேன் என்று. அன்றைக்கு என் மனதில் நின்றதெல்லாம் அவர் குனிந்து காட்டின இடங்கள்தான்.

காலையில் 22-ம் நம்பர் டிராமில் ஏறி முதலில் கோட்டைக்குப் போய்விடு. மேலே ஏறி வைத்துவிட்டால் அப்புறம் நாள் முழுக்க இறக்கமும் சமதளமும்தான், முழங்கால் தப்பிக்கும். காகித டிக்கெட் என்றால் வண்டிக்குள் இருக்கிற மஞ்சள் பெட்டியில் விட்டு முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், டிக்கெட் கையில் இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம்.

கோட்டைக்குள் பெரிய தேவாலயம், புனித வீட்டஸ் பேராலயம். 1344-ல் ஆரம்பித்த வேலை 1929-ல்தான் முடிந்தது. முதலில் வந்த பிரெஞ்சு மேஸ்திரி மத்தியாஸ் 1352-ல் காலமாகிவிட, அப்புறம் அந்தப் பொறுப்பை ஏற்ற பீட்டர் பார்லர் உன் தம்பியை விடச் சின்னப் பையன், இருபத்து மூணு வயசு. பிறகு மதச் சண்டைகள் வந்து வேலை நின்றது. கட்டின பாதிக்கு ஒரு தற்காலிகச் சுவரை வைத்து அடைத்துவிட்டு, அந்தப் பாதிக் கோயிலிலேயே தலைமுறை தலைமுறையாக வழிபட்டிருக்கிறார்கள். மேற்கு வாசலுக்கு மேலே வட்டமான பெரிய ஜன்னல் இருக்கும், அதன் கீழே பக்கவாட்டில் பார், கோட்டு சூட்டு போட்ட மனிதர்களைக் கல்லில் செதுக்கியிருப்பார்கள். கடைசிக் கட்ட வேலையை முடித்த கட்டடக் கலைஞர்கள் அவர்கள். கட்டினவன் முகத்தை வாசலில் வைத்த கட்டடம் என் சர்வீஸில் நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை, அங்கே வெகு நேரம் நின்றுவிட்டேன்.

பக்கத்தில் பழைய அரண்மனை. பெரிய மண்டபத்தைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டு, ஓரத்தில் இருக்கிற அலுவலக அறைக்குப் போய் அந்த ஜன்னலைப் பார்த்துவிடு. 1618 மே 23 அன்று, தங்கள் வழிபாட்டு உரிமையில் அரசன் கை வைத்துவிட்டான் என்று கொதித்துப்போய் வந்த பிரபுக்கள், அரசனின் ஆளுநர்கள் இரண்டு பேரையும் அவர்களுடைய எழுத்தரையும் அங்கிருந்து வெளியே தூக்கி எறிந்தார்கள். இருபது மீட்டருக்கு மேல் உயரம். மூணு பேருமே பிழைத்துக்கொண்டார்கள். மாதா தாங்கினாள் என்று ஒரு கட்சி, குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்று இன்னொரு கட்சி. ஆனால் அந்தக் காரியத்தில் பிடித்த தீ முப்பது வருஷம் எரிந்தது, ஐரோப்பாவின் நடுப்பகுதியே சுடுகாடாகிவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், மத்தியானம் கீழே சதுக்கத்தில் இதன் அடுத்த பகுதி வரும்.

அங்கிருந்து பழைய படிக்கட்டு வழியாக இறங்கினால் சார்லஸ் பாலத்துக்கு நடந்தே போய்விடலாம். நான் வாழ்நாள் முழுக்கப் பாலம், மதகு, கால்வாய் என்றே இருந்தவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதுவேன், பொறுத்துக்கொள். அதற்கு முன்னால் அங்கே இருந்த கல்பாலத்தை 1342-ல் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அப்புறம் அரசர் நாலாம் சார்லஸ் புதிதாக அடிக்கல் போட்டது 1357-ல், ஒன்பதாம் தேதி ஏழாம் மாதம், விடிகாலை 5 மணி 31 நிமிஷத்துக்கு என்று சொல்கிறார்கள். வரிசையாக எழுதிப் பார், 1 3 5 7 9 7 5 3 1, முன்னால் இருந்து படித்தாலும் பின்னால் இருந்து படித்தாலும் ஒன்றுதான். ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த நேரமாம். அம்மா உடனே, பார்த்தீர்களா, நல்ல நேரம் பார்க்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது என்று என்னைப் பார்த்தாள்.

நீளம் 516 மீட்டர், பதினாறு வளைவு, எல்லாம் மணற்கல். காரையில் முட்டை கலந்தார்கள், ஊர் ஊராக முட்டை வண்டிகள் வந்தன, ஓர் ஊர்க்காரர்கள் வழியில் உடையக் கூடாதென்று வேகவைத்தே அனுப்பிவிட்டார்கள் என்றெல்லாம் கதை சொல்வார்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த விஷயத்தை அந்த அம்மாளிடம் சொன்னேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம், குறித்து வைத்துக்கொண்டார். நீ பாலத்தின் மேலேயே போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காமல் ஓரமாகப் போய் ஆறு வருகிற பக்கம் எட்டிப் பார். தூண்களுக்கு முன்னால் தண்ணீரில் மரத்தாலேயே சாய்வாக ஒரு தடுப்பு கட்டியிருப்பார்கள். குளிர்காலத்தில் வல்தவா ஆற்றில் மிதந்து வருகிற பனிப்பாளம் தூணில் நேராக மோதாமல் இதில் ஏறி உடைந்து போவதற்காக. அப்படியும் 1890 வெள்ளத்தில் மூணு வளைவு இடிந்து விழுந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். 2002-ல் வந்த பெருவெள்ளத்தைப் பாலம் தாங்கி நின்றது.

மேலே முப்பது சிலைகள். அதில் நெபோமுக் ஜான் சிலையை மட்டும் தொட்டுப் போக வரிசை நிற்கும், கை பட்டுத் தேய்ந்து தேய்ந்து சிலைக்கு அடியில் இருக்கிற உலோகப் பலகை பொன்னாக மின்னும். 1393-ல் அரசன் உத்தரவில் இதே ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட பாதிரியார் அவர். நீயும் தொட்டுக்கொள், அம்மா தொட்டாள்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. கறி சாப்பிடாதவர்களுக்குப் பொரித்த சீஸும் உருளைக்கிழங்கும் எங்கேயும் கிடைக்கும், சூடாக இருக்கும்.

பழைய ஊர்ச் சதுக்கத்துக்குப் போனால் அந்தக் கடிகாரம். ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு பொம்மை மணியடிக்கும், ஏசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் ஜன்னலில் வந்து போகும், சேவல் கூவும், அதைப் பார்க்கப் பெரிய கூட்டம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மணியடிக்கிற நேரத்துக்குப் போகாதே என்பதுதான் என் யோசனை. கூட்டம் கலைந்த பிறகு போய் முகப்பை நிதானமாகப் படி. 1410-ல் செய்தது, சுவரில் மாட்டிவைத்த பஞ்சாங்கம் மாதிரி: சூரியன் எந்த ராசியில், சந்திரன் எந்த ராசியில், இன்று பிறையா முழு நிலவா, எல்லாம் முள்ளே சொல்லும். வெளி வளையத்தில் இருக்கிற எண்கள் சூரியன் மறைந்ததிலிருந்து மணியைக் கணக்கிடுகிற பழைய செக் முறை, அதனால் பருவத்துக்குத் தக்கபடி அந்த வளையமே நகர்ந்துகொள்கிறது. 1945 மே மாதம், சண்டை முடிகிற கடைசி நாட்களில், ஊர் மக்கள் எழுச்சியை அடக்க ஜெர்மானியர்கள் சுட்டதில் இது எரிந்து நாசமாகி, 1948-ல்தான் மறுபடி ஓடியது.

அந்தக் கட்டடத்தின் பக்கவாட்டில் வந்து நின்று எங்கள் அம்மாள் குடையைத் தரையில் ஊன்றினார். தளக்கற்களுக்கு நடுவே வெள்ளைக் கல்லில் சிலுவைகள், எண்ணினால் இருபத்தேழு. காலையில் பார்த்த ஜன்னலின் பாக்கிக் கதை இதுதான். கலகம் செய்த பிரபுக்களின் படை 1620 நவம்பரில் வெள்ளை மலையில் தோற்றது. 1621 ஜூன் 21 அன்று இருபத்தேழு தலைவர்களுக்கு இந்த இடத்தில் மரண தண்டனை. அதில் ஒருவர் யெசேனியஸ், பல்கலைக்கழகத்தின் தலைவர், 1600-ல் இந்த ஊரில் முதன்முதலாகப் பலர் பார்க்கப் பிணக்கூறு செய்து காட்டிய வைத்தியர். அவருக்கு முதலில் நாக்கை அறுத்துவிட்டுத்தான் தலையை வெட்டினார்கள். பன்னிரண்டு தலைகளை நாங்கள் அப்போதுதான் கடந்து வந்த அந்தப் பாலத்துக் கோபுரத்தில் பத்து வருஷம் தொங்கவிட்டிருந்தார்கள். சதுக்கத்தில் குழந்தைகள் சோப்புக் குமிழியைத் துரத்திக்கொண்டு அந்தச் சிலுவைகள் மேலேயே ஓடிக்கொண்டிருந்தன. அதைத் தப்பென்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம் கண்ணு. மேலே எழுதினதில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடு, இதை மட்டும் விடாதே. சதுக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் யூதர்கள் வாழ்ந்த பகுதி, யோசெபோவ் என்பார்கள். அங்கே பிங்காஸ் என்று ஒரு பழைய தொழுகைக்கூடம் இருக்கிறது. உள்ளே சிலையோ படமோ பார்க்க ஒன்றும் இல்லை. சுவர் முழுக்கப் பெயர்கள். நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்கள், ஏறக்குறைய 78,000 பேர். ஊர் வாரியாக, குடும்பப் பெயர் சிவப்பில், பிறகு ஒவ்வொருவர் பெயரும், பிறந்த தேதியும், கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த தேதியும். எல்லாம் கையால் தூரிகை வைத்து எழுதினது. தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு ஏதோ பூவேலை செய்த மாதிரிதான் தெரியும், கிட்டப் போனால்தான் எழுத்து. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்று ஒரு குடும்பத்தை மட்டும் வரிவரியாகப் படித்தாள். கடைசி வரிகளுக்கு வந்ததும் விரலால் வருஷத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு, நாலு வயசுங்க என்றாள். அப்புறம் வெளியே வருகிற வரைக்கும் பேசவில்லை.

அந்தச் சுவரின் கதையைக் கேள். 1950-களில் ஓவியர்கள் இரண்டு பேர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார்கள். அடியிலிருந்து ஓதம் ஏறியது, 1968-ல் கூடத்தை மூடினார்கள், பிறகு பெயர்களையே அழித்துவிட்டார்கள். ஓதத்துக்கு வைத்தியம் இருக்கிறது, சுவரைக் காப்பாற்ற வழி இருக்கிறது, அதற்காக இப்படியொரு சுவரை யாரும் வழிக்க மாட்டார்கள். என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன், மனசு இல்லாததால்தான் அது நடந்திருக்கும். கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு, 1992-லிருந்து 1996 வரை, மறுபடி முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை எழுதினார்கள். 2002 வெள்ளத்தில் கீழ்ப்பகுதி ஊறிப்போனது, அதையும் சரிசெய்து வைத்திருக்கிறார்கள்.

மாடியில் குழந்தைகள் வரைந்த படங்கள். நாஜிகள் தெரேசின் முகாமில் அடைத்துவைத்திருந்த யூதப் பிள்ளைகளுக்குப் பிரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை வரையச் சொல்லிக் கொடுத்தார். 1944-ல் அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினபோது, ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் போட்டு ஒளித்துவைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பவில்லை, பெட்டிகள் கிடைத்தன. வீடு, பட்டாம்பூச்சி, பூ, நீ ஒண்ணாங்கிளாஸில் வரைந்த அதே வீடுதான், அதே சாய்வுக் கூரை. அங்கே அவசரப்படாதே. வழிகாட்டி கூப்பிட்டாலும் இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று கேள்.

பக்கத்தில் இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்கும் அதே டிக்கெட்தான். இடம் போதாமல் மண்மேல் மண் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்திருக்கிறார்கள், நடுகற்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும், சுமார் 12,000. அங்கே பூ வைப்பதில்லை, சின்னக் கூழாங்கல் வைப்பார்கள்.

சாயங்காலம் வென்செஸ்லாஸ் சதுக்கம். பெயர்தான் சதுக்கம், நீளமான கடைத்தெரு. மேல்கோடியில் அருங்காட்சியகத்துக்கு முன்னால் நடைபாதையில் வெண்கலச் சிலுவை ஒன்று படுத்திருக்கும், தரைக்கு அடியிலிருந்து எதுவோ முட்டுகிற மாதிரி அந்த இடமே மேடிட்டிருக்கும். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் ஊருக்குள் வந்தன. நாடு மெல்ல மெல்ல அடங்கிப்போவதைப் பொறுக்காமல், 1969 ஜனவரி 16 அன்று யான் பாலக் என்ற மாணவன் அங்கே தன்மேல் தீ வைத்துக்கொண்டான். இருபது வயசு. மூணாம் நாள் இறந்துபோனான். அவன் படித்தது சார்லஸ் பல்கலைக்கழகத்தில்.

எங்கள் குழுவில் வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்த இடத்தில்தான் கமில் சுவெலபில்லைப் பற்றிச் சொன்னார். 1927-ல் பிராக்கில் பிறந்து, தமிழ் படித்து, அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அந்த டாங்குகள் வந்ததற்குப் பிறகு அவரும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாகி, பின்னாளில் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார். நம் சங்கப் பாட்டைப் படித்த ஒரு மனிதர் நடந்த தெரு என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எங்கள் அம்மாள் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். 1989 நவம்பரில் கல்லூரிப் பெண்ணாக அதே தெருவில் நின்று இப்படித்தான் குலுக்கினாராம். லட்சக்கணக்கான பேர் சாவியை ஆட்டி, உங்கள் நேரம் முடிந்தது, கிளம்புங்கள் என்று கம்யூனிஸ்ட் அரசாங்கத்துக்குச் சொன்னார்கள், அந்த வருஷ முடிவுக்குள் அதை எதிர்த்து நின்ற எழுத்தாளர் ஹாவெல் ஜனாதிபதி. படித்துத் தெரிந்துகொள்வது வேறு, குலுக்கின கையைப் பக்கத்தில் பார்ப்பது வேறு. வழிகாட்டி வைத்துக்கொள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான். கொஞ்சம் வயசானவராகக் கிடைத்தால் நல்லது, முன்பதிவு செய்யும்போதே கேட்டுப் பார்.

தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியிருக்கிறது, ஷூ போட்டுக்கொண்டு போ. பணத்தைத் தெருவில் நிற்பவர்களிடம் மாற்றாதே, கார்டே எல்லா இடத்திலும் செல்லும்.

அப்புறம், உனக்கு வேலை இல்லாத நாள் எந்தக் கிழமை என்று முதலில் பார். சனிக்கிழமை என்றால் பிங்காஸ் திறக்காது, யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்காது. அப்படி அமைந்துவிட்டால் அலுவலகத்தில் பேசி வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே கேட்டுவிடு. மாற்ற முடியாது என்றால் முந்தின நாள் மத்தியானமாவது இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கே மட்டும் போய் வந்துவிடு.

அன்புடன்,
அப்பா