ஓடத் தொடங்குபவரை முதலில் நடக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் இணைப்பில் ஓட்டப் பயிற்சி பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை. ஓடினால் இதயத்துக்கு என்ன நன்மை, தூக்கத்துக்கு என்ன நன்மை என்று விளக்கமாக எழுதியிருந்தீர்கள். கடைசிப் பத்தியில் மட்டும் ஒரு வரி: ‘நாளைக் காலையே ஷூவை மாட்டுங்கள், அரை மணி நேரம் ஓடுங்கள்.’ அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பணிமனையில் யாரோ அந்தப் பக்கத்தை வெட்டி டியூட்டி பலகையில் ஒட்டிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு இரண்டு ஓட்டுநர்கள் வரும் திங்கட்கிழமையிலிருந்து ஓடப் போவதாக என்னிடம் சொன்னார்கள். ஒருவருக்கு 44 வயது, இன்னொருவருக்கு 50. இருவருமே என்னைப் போல வாழ்க்கையில் பாதியை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து கழித்தவர்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த வரி சொல்வதை அப்படியே செய்து பார்த்தவன் நான்.

எனக்கு 51 வயது. 26 வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் என் எடை 94 கிலோ. வருடாந்திரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் எல்லையில் நிற்கிறது என்றார்கள். மறுநாளே விளையாட்டுத் திடலுக்குப் போனேன். ஓட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் ஓடிய நூறு மீட்டர்தான். அந்த நினைப்பிலேயே கிளம்பினேன். அரைச் சுற்று கூட முடியவில்லை. நெஞ்சு எரிந்தது, வாயில் இரும்பை நக்கியதுபோல ஒரு சுவை, வலது விலாவுக்குக் கீழே ஊசியால் குத்துவதுபோல வலி. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று முழுக்க வேறொன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள்தான் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் தொடையில் உயிர் போனது. வண்டி ஒரு நடை போய்வர எத்தனை தடவை மிதிக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஓட்டம் நமக்கு ஒத்து வராது என்று முடிவு கட்டி ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசை இப்படித்தான் வலிக்கும், அது ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த ஷூ ஒன்றரை வருஷம் இருட்டில் கிடந்திருக்காது.

இரண்டாவது முயற்சி வேறு மாதிரி தோற்றது. அதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தடவை மெதுவாகவே ஆரம்பித்தேன். மூன்றாவது வாரத்தில் மூச்சு நன்றாகப் பிடிபட்டுவிட்டது. உற்சாகத்தில் வாரத்துக்கு ஆறு நாள் ஓடினேன், தூரத்தையும் இஷ்டத்துக்குக் கூட்டினேன். நான்காவது வாரம் இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு வலி. ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், கொஞ்ச நேரத்தில் மறையும், ஓடி முடித்ததும் மறுபடி வரும். சூடு ஏறினால் போய்விடுகிறதே என்று பன்னிரண்டு நாள் அதன் மேலேயே ஓடினேன். அப்புறம் படி இறங்கவே முடியவில்லை. விரலால் அழுத்தினால் ஒரு சாண் நீளத்துக்கு வலித்தது.

அந்த வலியோடு ஒரு இயன்முறை மருத்துவரிடம் போனேன். அந்த அம்மா எலும்பை மேலிருந்து கீழ்வரை மெல்ல அழுத்திப் பார்த்தார். நீளமாகப் பரவி வலிப்பதால் இது ஓய்வெடுத்தால் ஆறும் வகை என்றார். ஒரே புள்ளியில், விரல் நுனி அளவில் சுருக்கென்று வலித்தால், அதுவும் ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், அதை ஒருநாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார். அப்புறம் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை: “உங்க மூச்சு ஓடத் தயாராயிடுச்சு, உங்க எலும்பு இன்னும் தயாராகல.”

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். இதயம், நுரையீரல், தசை எல்லாம் எஞ்சின். சில வாரத்திலேயே மாற்றம் தெரியும். எலும்பும் தசைநாரும் வண்டிக்குக் கீழே பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை. அது பழக மாதக்கணக்காகும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் நம் எடையைப்போல இரண்டரை மடங்கு கால் வழியாக இறங்குகிறது. 94 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த பாரத்தைத் தாங்க எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதை நிரப்பும். அந்த இடைவெளியில் எலும்பு முன்னைவிடக் கொஞ்சம் பலம் குறைந்து நிற்கும். மூச்சு சுகமாகி, ‘இன்னும் ஓடலாம்’ என்று நமக்குத் தோன்றுவதும் சரியாக அதே வாரங்களில்தான். எஞ்சின் நன்றாக இழுக்கிறதே என்று பட்டை இறங்கிய வண்டியில் பாரம் ஏற்றுகிற தப்பு அது. 26 வருஷம் வண்டி ஓட்டிய எனக்கு அது என் காலில் தெரியவில்லை.

ஆறு வாரம் ஓட்டமே இல்லை. நடைதான். அப்புறம் மூன்றாவது தடவையாக ஆரம்பித்தது, ஐந்து நிமிடம் விறுவிறுவென்று நடந்துவிட்டு ஒரு நிமிடம் ஓடுவது, ஒன்றரை நிமிடம் நடப்பது. இந்த ஓட்டமும் நடையும் மாறி மாறி இருபது நிமிடம், வாரத்துக்கு மூன்றே நாள், இடையில் கட்டாயம் ஒரு நாள் ஓய்வு. இது அந்த அம்மா சொந்தமாகக் கண்டுபிடித்த முறை இல்லை. 1996ல் அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர் தன் அம்மாவைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதிய ஒன்பது வாரத் திட்டம். சோபாவிலிருந்து எழுந்து ஐந்து கிலோமீட்டர் என்பதுபோல அதற்குப் பெயர். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையே இப்போது அதை மக்களுக்குத் தருகிறது. இடையிடையே நடப்பது என்பதும் புதிதல்ல. 1972 ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, புதியவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது உருவாக்கிய முறை அதுதான். ஒலிம்பிக் வீரரே நடக்கச் சொல்லும்போது நாம் நடப்பதற்கு ஏன் கூச்சப்பட வேண்டும்?

வேகத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், முதல் மாதத்தில் பாதிப் பேர் விடுவது இதனால்தான் என்று நான் நம்புகிறேன். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகம் அதிகம். நான் எங்கள் வண்டித் தடத்தின் நிறுத்தங்களை வரிசையாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுவேன். மூன்றாவது நிறுத்தத்திலேயே மூச்சு அறுந்தால் உடனே வேகத்தைக் குறைப்பேன். முதல் வாரங்களில் என் ஓட்டம் வேகமாக நடப்பவர்களின் நடையைவிட மெதுவாக இருந்தது. ஒரு பெரியவர் கைத்தடியோடு என்னைத் தாண்டிப் போனார். அது சரியான வேகம்தான். அடிகளைச் சின்னதாக வைத்து, பாதத்தை உடம்புக்கு நேர் கீழே பதிக்க வேண்டும். காலை நீட்டி முன்னால் வைத்தால் ஒவ்வொரு அடியும் பிரேக் போடுவது மாதிரி முழங்காலைக் குலுக்கும்.

இன்னொன்றும் புதியவர்களுக்குத் தெரிய வேண்டும். எந்த ஓட்டத்திலும் முதல் சில நிமிடங்கள்தான் மோசமானவை. தசைகள் கேட்கும் பிராணவாயுவை இதயமும் நுரையீரலும் கொண்டுவந்து சேர்க்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை திணறல்தான். அந்தத் திணறலைத் தன் உடம்பின் தகுதி என்று நினைத்து நின்றுவிடுகிறவர்கள் எத்தனை பேர்! முன்னால் ஐந்து நிமிடம் நடக்கச் சொல்வது அதற்காகத்தான். அதிகாலையில் குளிர்ந்து கிடக்கிற டீசல் எஞ்சினை எந்த ஓட்டுநரும் எடுத்த எடுப்பிலேயே முறுக்க மாட்டார்.

விலாக் குத்தல் இன்றும் எப்போதாவது வரும். அதற்குக் காரணம் இதுதான் என்று மருத்துவர்களே உறுதியாகச் சொல்வதில்லை. வயிறு நிறைய உண்டுவிட்டோ தண்ணீர் குடித்துவிட்டோ ஓடினால் எனக்கு நிச்சயம் வரும். வந்தால் நடைக்கு மாறி, வலிக்கும் இடத்தைக் கையால் அழுத்தி, நீளமாக மூச்சை வெளியே விடுவேன். இரண்டு நிமிடத்தில் போய்விடும். தொடை உரசிப் புண்ணானால் பெட்ரோலியம் ஜெல்லி. ஷூவில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லையென்றால் நகம் கறுத்துவிடும். இவை சின்ன விஷயங்கள், ஆனால் தெரியாவிட்டால் இவையே வீட்டில் உட்கார வைத்துவிடும்.

ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று என்னைத் தடுக்காதவர்களே இல்லை. அதையும் அந்த அம்மாவிடம் கேட்டேன். 2017ல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பைக் காட்டினார். ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் நூற்றுக்கு 10 பேருக்குக் கொஞ்சம் மேலாக முட்டி அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் அது நூற்றுக்கு 3.5 பேருக்குத்தான். போட்டிகளுக்காக ஓடுபவர்களுக்கு மட்டும் 13.3. நாமோ போட்டிக்குப் போகவில்லை.

நெஞ்சு விஷயத்தில் நான் இவ்வளவு தைரியமாகப் பேச மாட்டேன். ஓட்டத்தை அமெரிக்கா முழுக்கப் பரப்பியவர்களில் ஒருவரான ஜிம் ஃபிக்ஸ் 1984ல் ஓடப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 52. அவருடைய அப்பாவும் 43 வயதிலேயே இதய நோயால் இறந்தவர். ஓட்டம் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் பல வருஷம் அவர் புகைபிடித்தவர், எடையும் அதிகமாக இருந்தவர். ஆனால் ஓடுகிறோம் என்பதற்காக ரத்தக்குழாயில் இருக்கும் அடைப்பு விலகி வழிவிடாது. நாற்பதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்கள், குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு வந்தவர்கள், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஓட வேண்டும். ஓடும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் இதில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். உங்கள் கட்டுரையில் இது ஒரு வரி கூட இல்லை. ஐம்பது வயது ஓட்டுநர் ஒருவர் அதை நம்பித்தான் திங்கட்கிழமை கிளம்புகிறார்.

என் கதையை முடித்துவிடுகிறேன். ஒன்பது வாரத் திட்டம் எனக்குப் பதினேழு வாரம் எடுத்தது. ஐந்தாவது வாரத்தில், முந்தின ஓட்டம் வரை எட்டெட்டு நிமிடமாக இரண்டு தடவை ஓடியவரை ஒரேயடியாக நிற்காமல் இருபது நிமிடம் ஓடச் சொல்வார்கள். அந்த வாரத்தை நான் நான்கு தடவை திரும்பச் செய்தேன். முன்னெலும்பு முணுமுணுத்த நாளெல்லாம் ஓட்டத்தை விட்டுவிட்டு நடந்தேன். இருபது நிமிடம் நிற்காமல் ஓடிய காலையில் திடலில் என்னைத் தவிர யாருமில்லை. கைக்கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. இப்போது 83 கிலோ. போன பரிசோதனையில் ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. அரை மணி நேரம் ஓடுகிறேன், உங்கள் கட்டுரை முதல் நாளே ஓடச் சொன்ன அதே அரை மணி நேரம்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வரும் ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில், அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை, வாரம் மூன்று நாள் என்று முதல் வாரத்தை மட்டுமாவது பெட்டி கட்டிப் போடுங்கள். கூடவே ஒரு படம் போடுவதாக இருந்தால், கோட்டைத் தாண்டி வெற்றிக் கையை உயர்த்தும் வீரரின் படம் வேண்டாம். பருத்த உடம்போடு, வேர்த்து, நடுவில் நடந்துகொண்டிருக்கும் ஒருவரின் படத்தைப் போடுங்கள். அதைப் பார்த்துத்தான் எங்களைப் போன்றவர்கள் ஷூவை வெளியே எடுப்பார்கள்.

பலகையில் ஒட்டியிருந்த கட்டுரையின் கடைசி வரியை நேற்றே பேனாவால் அடித்துவிட்டு, கீழே ‘முதலில் ஒரு நிமிடம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்காக மன்னிக்க வேண்டும். அந்த இரண்டு ஓட்டுநர்களையும் நாளை மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். அவர் சரி என்றால் திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மூன்று பேரும் திடலில் இருப்போம், கடிகாரம் என் கையில்.

இப்படிக்கு,
பேருந்து ஓட்டுநர், உங்கள் நீண்டகால வாசகர்