ஆர்கன் உள்ள கச்சேரி மண்டபங்களின் நிர்வாகிகளுக்கு: ஏசியை அணைக்குமுன்

மண்டப நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

கச்சேரிக்கு முதல் நாள் "ஆர்கன் சுருதி விலகிவிட்டது, உடனே ஆள் அனுப்புங்கள்" என்று அழைக்கிறீர்கள். வந்து பார்த்தால், ஆர்கனில் ஸ்வரம் எழுப்பும் குழல்களில் பெரும்பாலும் பழுது இருக்காது. ஏசியை எப்போது ஓட்டுகிறீர்கள், எப்போது நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் கோளாறு.

குழலில் அதிர்வது காற்று. ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். 440 ஹெர்ட்சில் நின்ற ஸ்வரம் முக்கால் ஹெர்ட்ஸ் மேலே போகும். ஐந்து டிகிரிக்கு ஏறக்குறைய நாலு ஹெர்ட்ஸ். எல்லாக் குழலும் ஒன்றாக ஏறினால்கூடப் பரவாயில்லை, ஆர்கெஸ்ட்ரா அதோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் ஆர்கனுக்குள்ளேயே ட்ரம்பெட், ஓபோ என்ற பெயர்களில் இருக்கும் நாக்குக் குழல்களில் சுருதி பித்தளை நாக்கின் பிடியில் இருக்கிறது. அவை அந்த அளவுக்கு அசைவதில்லை. கரண்ட் மிச்சம் என்று ராத்திரி ஏசியை நிறுத்தினால், காலையில் இரண்டு கூட்டமும் ஆளுக்கொரு சுருதியில் நிற்கும்.

அந்த நிலையில், எண்ணிக்கையில் குறைவான நாக்குக் குழல்களைத்தான் மற்றவற்றோடு சேர்க்க முடியும். ஒருவர் கட்டையை அழுத்திப் பிடிப்பார். இன்னொருவர் உள்ளே நின்று, நாக்கை அழுத்தியிருக்கும் கம்பியை மெதுவாகத் தட்டுவார்: கீழே போனால் சுருதி ஏறும், மேலே வந்தால் இறங்கும். தட்டியதும் கையை எடுத்துக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் உடம்புச் சூடே குழலை ஏமாற்றிவிடும்! சின்ன உலோகக் குழல்களைத் தொடவே தயங்குவோம். பலவற்றில் மேல் நுனியை விரித்தும் குவித்தும்தான் சுருதி சேர்க்க வேண்டும். அடிக்கடி செய்தால் விளிம்பு நைந்து கிழியும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள எல்பஃபில்ஹார்மோனி கச்சேரி மண்டபத்து ஆர்கனில் 4,765 குழல்கள். மிகச் சிறியது 11 மில்லிமீட்டர், மிகப் பெரியது பத்து மீட்டருக்கும் மேல். அப்படி ஒன்றை ஒரு பிற்பகலில் சரிசெய்யச் சொல்வது நடக்கிற காரியமா?

ஆகவே, கச்சேரியன்று இருக்கப்போகும் வெப்பநிலையையே சுருதி சேர்க்கும்போதும் கொடுங்கள். மேடை விளக்குகளையும் எரியவிடுங்கள், உச்சியில் இருக்கும் குழல்களுக்குத்தான் அந்தச் சூடு முதலில் போகிறது. குழல்களுக்குக் காற்று ஊதும் புளோயர் குளிர்ந்த நிலவறைக் காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால், வாசிக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் சுருதி நழுவும். ஈரப்பதம் 45 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அதற்குக் கீழே வறண்டால் குழல்களைத் தாங்கி அவற்றுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் காற்றுப்பெட்டியின் மரம் சுருங்கி வெடிக்கும், ஒரு ஸ்வரத்தின் காற்று பக்கத்துக் குழலுக்குக் கசியும். கச்சேரி இல்லாத வாரத்திலும் ஒருமுறை எல்லா ஸ்டாப்பையும் (ஒவ்வொரு குழல் வரிசையையும் ஒலிக்கவிடும் குமிழ்) இழுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சுருதி சேர்க்க ஒதுக்கிய நேரத்தில் மேடையில் நாற்காலி அடுக்க வேண்டாம், வாக்யூம் கிளீனர் வேண்டவே வேண்டாம். சுருதி சற்றே விலகிய இரண்டு குழல்கள் சேர்ந்து ஒலிக்கும்போது எழும் அலை மெல்லத் தளர்ந்து அடங்குவதைக் காதால் கேட்டுத்தான் சேர்க்கிறோம். அந்த இரைச்சலில் அது காதில் விழாது.

இப்படிக்கு,
ஆர்கன் பராமரிப்போர்